அளவு கூடினால் நோயா?

லாலாகுடா ரயில்காரர்களின் பேட்டை. நிஜாம் காலத்து ரயில் கம்பெனி 1893இல் இங்கே பெட்டிகளைச் செப்பனிடும் பட்டறையைத் தொடங்கியது. குவார்ட்டர்ஸ்களும், தென்மத்திய ரயில்வேயின் மத்திய மருத்துவமனையும் பிறகு வந்தன. செகந்திராபாத் தமிழர்களில் பல பேருக்கு இது தாத்தா வேலை பார்த்த இடம். இன்றைக்கு இந்தப் பக்கத்துத் தெருக்களில் டிபன் கடைக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது ரத்தப் பரிசோதனைக் கூடங்கள்தாம். காலையில் வெறும் வயிற்றோடு போய்க் கையை நீட்டுகிறார்கள். மாலையில் ஒரு தாள் கைக்கு வருகிறது. அந்தத் தாளில் ஏதாவது ஒரு எண் தடித்த எழுத்தில் இருந்தால் வீட்டில் அன்றைக்கு அதே பேச்சு.

"டி.எஸ்.எச். 9 வந்திருக்கு மாமி, தைராய்டு ஜாஸ்தியாம்."

"அப்போ முட்டைக்கோஸை விட்டுடு."

இப்படி ஒரு உரையாடலைக் கேட்காத தமிழ்க் குடும்பம் அபூர்வம். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தைராய்டு ஜாஸ்தி என்று சொல்லப்படும் அந்தப் பெண்ணுக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கும் மாத்திரை எது? தைராக்ஸின். அதாவது தைராய்டு சுரப்பி தயாரிக்கும் அதே ஹார்மோன். ஜாஸ்தி இருப்பதையே இன்னும் கொஞ்சம் கொடுப்பது எந்த ஊர் வைத்தியம்?

விஷயம் இதுதான். டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பியில் பிறப்பதில்லை. மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி அதை ரத்தத்தில் விடுகிறது. கழுத்தில் இருக்கும் தைராய்டைப் பார்த்து "வேலையைத் தொடங்கு" என்பது அதன் உள்ளடக்கம். தைராய்டு போதுமான தைராக்ஸினைச் சுரந்தால், அந்தத் தைராக்ஸின் ரத்தத்தோடு மூளைக்குப் போய்ச் சேர, பிட்யூட்டரி அடங்கிவிடும். தைராய்டு சோர்ந்துபோனால் பிட்யூட்டரி டி.எஸ்.எச்.சைக் கூட்டிக்கொண்டே போகும், கூப்பிட்டும் வராத பிள்ளையை இன்னும் உரக்கக் கூப்பிடும் தாயைப் போல. தாளில் வந்த 9 அந்தத் தாயின் குரல். பிள்ளையின் சத்தம் குறைந்திருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். மாத்திரையாகத் தைராக்ஸின் உள்ளே போனதும் டி.எஸ்.எச். இறங்குவது இதனால்தான். தைராக்ஸின் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 7 நாள் ஆகும். அதனால்தான் மருந்தின் அளவை மாற்றினால் ஆறு வாரம் கழித்து வரச் சொல்கிறார்கள்; அடுத்த வாரமே போய்ப் பரிசோதிப்பது காசுக்குக் கேடு.

நாளமில்லாச் சுரப்பிகளின் கதை முழுவதும் இந்த மாதிரித்தான் நடக்கிறது. ஹார்மோன் என்பது ரத்தத்தில் கரைந்து ஓடும் ஒரு சொல். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு, சிலவற்றில் அதையும் விடக் குறைவு. அது எல்லா உறுப்புகளுக்கும் போகிறது. ஆனால் அதற்கென்று ஏற்பி வைத்திருக்கும் செல்தான் அதைப் பொருட்படுத்தும். இன்சுலின் போன்ற புரத ஹார்மோன்கள் செல்லின் வெளிச்சுவரில் இருக்கும் ஏற்பியில் ஒட்டிக்கொண்டு, உள்ளே போகாமலேயே காரியத்தை முடிக்கின்றன. சில நிமிடங்களில் ரத்தத்திலிருந்து மறைந்தும்விடுகின்றன. கார்ட்டிசால் போன்ற ஸ்டீராய்டுகள் சுவரைக் கடந்து உள்ளே நுழைந்து, உட்கரு வரைக்கும் போய், எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்பதையே மாற்றுகின்றன. அவற்றின் விளைவு தெரிய மணிக்கணக்கில் ஆகும். ஒரே ஹார்மோன் ஒரு செல்லிடம் "கட்டு" என்றும் இன்னொன்றிடம் "உடை" என்றும் பேசும். என்ன செய்ய வேண்டும் என்பது ஹார்மோனில் எழுதியிருக்கவில்லை. வாங்கிக்கொள்ளும் செல்தான் அதைத் தீர்மானிக்கிறது.

ஆகவே ரத்தத்தில் ஒரு ஹார்மோன் கூடியிருக்கிறது என்றால் மூன்று கேள்விகள் எழுகின்றன. சுரப்பிக்கே கோளாறா? வேறு எங்கோ நேர்ந்த குறையைச் சமாளிக்க உடம்பு அதைக் கூட்டியிருக்கிறதா? அல்லது வாங்கிக்கொள்ள வேண்டிய செல் வாங்க மறுக்கிறதா? நம் தெருப்பேச்சு முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறது. மற்ற இரண்டையும் விடாமல் கேட்ட ஒரு நிறுவனம் லாலாகுடாவுக்குப் பக்கத்திலேயே, தார்நாகாவில் இருக்கிறது.

*

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை இங்கே எல்லோரும் என்.ஐ.என். என்பார்கள். ஹைதராபாத்துக்கு அது வந்தது 1958இல். பிறந்த வீடு நீலகிரி. 1918இல் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கியதுதான் அதன் மூலம். மெக்காரிசன் ஏற்கெனவே ஹார்மோன் நோய் ஒன்றோடு மல்லுக்கட்டியவர். வடமேற்கு மலைகளில் கில்கிட்டில் பணிபுரிந்தபோது, கிராமம் கிராமமாகக் கழுத்துக்கழலையைப் பார்த்தார். கலங்கிய ஆற்றுத் தண்ணீரின் வண்டலைத் தானே குடித்துச் சோதித்தார். தண்ணீரில் இருக்கும் கிருமிதான் காரணம் என்பது அவருடைய முடிவு.

அடிப்படைக் காரணம் மண்ணில் அயோடின் இல்லாததுதான் என்பது பின்னாளில் நிலைபெற்றது. தைராக்ஸினின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. அயோடின் இல்லையென்றால் சுரப்பியால் உற்பத்தி செய்ய முடியாது; பிட்யூட்டரி டி.எஸ்.எச்.சைக் கூட்டும், அந்தத் தூண்டுதலில் தைராய்டு வீங்கும். கழலை என்பது சுரப்பி இல்லாத சரக்கைத் தேடிப் பெருத்த அடையாளம். இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசுவாமியும் கூட்டாளிகளும் 1956 முதல் அயோடின் கலந்த உப்பைக் கொடுத்து இதை இந்திய மண்ணிலேயே காட்டினார்கள். ராமலிங்கசுவாமியும் குன்னூர் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்தான். இன்றைக்கு நம் சமையலறையில் இருக்கும் உப்புப் பாக்கெட்டுக்கும் அந்தப் பள்ளத்தாக்குக்கும் நேர்த்தொடர்பு உண்டு.

குன்னூரில் மெக்காரிசன் செய்ததில் பலருக்கும் தெரிந்தது எலிச் சோதனை. இந்தியாவின் வெவ்வேறு மக்கள் சாப்பிடுவதை அப்படியே எலிகளுக்குக் கொடுத்து எடை போட்டார். சீக்கியர் உணவு சாப்பிட்ட எலி முதலிடம். தீட்டிய அரிசியை நம்பிய 'மதராசி' எலி கடைசி இடம். நமக்குக் கொஞ்சம் கசப்பான தகவல்தான். அந்த ஆய்வகம் 1920களிலிருந்து வளர்த்து வந்த விஸ்டார் எலி இனம் நிறுவனத்தோடு சேர்ந்து மலையிறங்கி ஹைதராபாத்துக்கு வந்தது. அந்த எலிகளிடம் பிறகு வருகிறேன்.

*

சேலத்தில் 1918இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சி. கோபாலன், குன்னூரிலும் பிறகு ஹைதராபாத்திலும் பட்டினியைப் படித்தார். குழந்தைகளின் கடும் ஊட்டச்சத்துக் குறைவு இரண்டு உருவங்களில் வரும். ஒன்று மராஸ்மஸ்: எலும்பும் தோலுமாக, கிழவர் முகத்தோடு இருக்கும் குழந்தை. இன்னொன்று குவாஷியோர்கர்: காலும் முகமும் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறிய குழந்தை. இந்த இரண்டாவதை மேற்கு ஆப்பிரிக்காவில் சிசிலி வில்லியம்ஸ் 1930களில் விவரித்தார். பாடநூல் விளக்கம் எளிமையாக இருந்தது. கலோரி குறைந்தால் மராஸ்மஸ். வயிறு நிறைந்தும் புரதம் குறைந்தால் குவாஷியோர்கர்.

கோபாலன் அதை நம்பவில்லை. ஒரே சமூகத்தில், ஒரே மாதிரிக் கஞ்சியும் சோறும் சாப்பிட்ட குழந்தைகளில் ஒன்று இப்படியும் இன்னொன்று அப்படியும் ஆவதை அவர் பார்த்தார். உணவுக் கணக்கில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அப்படியானால் வித்தியாசம் தட்டில் இல்லை, உடம்பில் இருக்க வேண்டும். பட்டினிக்கு உடம்பு எப்படி ஒத்துப்போகிறது என்பதில்தான் விடை என்றார்.

அந்த ஒத்துப்போதலின் மொழி ஹார்மோன். 1968இல் கே.எஸ். ஜெயராவ், எஸ்.ஜி. ஸ்ரீகண்டையா, கோபாலன் மூவரும் இந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் கார்ட்டிசாலை அளந்து வெளியிட்டார்கள். மராஸ்மஸ் குழந்தைகளிடம் அது மிகவும் கூடியிருந்தது. குவாஷியோர்கர் குழந்தைகளிடம் அந்த அளவுக்கு இல்லை.

கார்ட்டிசால் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் வெளிப்புறத்திலிருந்து வருவது. மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியிடம் சொல்ல, பிட்யூட்டரி அட்ரீனலிடம் சொல்ல, மூன்றாம் கையாக அது வெளிப்படும். விடியற்காலையில் ஏறி, இரவில் இறங்கும். பத்திரிகைகள் அதற்கு 'ஸ்ட்ரெஸ் ஹார்மோன்' என்று பட்டம் சூட்டி, அதைக் குறைக்கப் பத்து வழிகள் எழுதுகின்றன. எனக்கு அந்தப் பட்டத்தில் உடன்பாடு இல்லை. பட்டினி கிடக்கும் உடம்பில் அது என்ன செய்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

கார்ட்டிசால் தசையிடம் "உடை" என்கிறது. தசையின் புரதம் அமினோ அமிலங்களாகக் கரைந்து ரத்தத்தில் இறங்குகிறது. அதே கார்ட்டிசால் கல்லீரலிடம் "வாங்கிக் கட்டு" என்கிறது. கல்லீரல் அந்த அமினோ அமிலங்களிலிருந்து குளுக்கோஸையும், ரத்தத்துக்கு வேண்டிய ஆல்புமின் போன்ற புரதங்களையும் செய்கிறது. ஆல்புமின்தான் ரத்தக் குழாய்க்குள் தண்ணீரைப் பிடித்து வைப்பதில் பெரும் பங்கு வகிக்கிறது. ஆக, மராஸ்மஸ் குழந்தை தன் கை கால் தசையை விற்றுக் கல்லீரலையும் மூளையையும் காப்பாற்றுகிறது. கூடவே, தைராய்டு ஹார்மோனின் வீரியமான வடிவமான டி3 குறைந்து, உடம்பு செலவைச் சுருக்கிக்கொள்ளும். பார்ப்பதற்குப் பரிதாபமாக இருக்கும் அந்த மெலிவு, உள்ளே நடக்கும் கடுமையான சிக்கன நிர்வாகத்தின் விளைவு. இந்த நிர்வாகம் குலைந்துபோகும் குழந்தைக்குத்தான் தசை ஓரளவு மிஞ்சியிருந்தும் கல்லீரலுக்குச் சரக்கு வருவதில்லை, ஆல்புமின் விழுகிறது, வீக்கம் வருகிறது. ஜெயராவ் 1974இல் லான்செட் இதழில் இந்த வாதத்தை விரித்து எழுதினார்.

இதுவே கடைசிச் சொல் என்று நான் சொல்ல மாட்டேன். வீக்கத்துக்கு ஆல்புமினை மட்டும் காரணமாகக் காட்டுவதை எதிர்த்தவர்கள் உண்டு. 2013இல் மலாவி நாட்டு இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்தவர்கள், ஒன்றுக்கு வந்து மற்றொன்றுக்கு வராத குவாஷியோர்கரில் குடல் பாக்டீரியாவுக்குப் பங்கு இருப்பதைக் காட்டினார்கள். ஆனாலும் கோபாலன் குழு கேட்ட கேள்வி பழசாகவில்லை. உயர்ந்திருந்த அந்த ஹார்மோன் நோயா, நோயைத் தாங்கும் முட்டா? மராஸ்மஸ் குழந்தையின் ரத்தத்தைப் பார்த்து "கார்ட்டிசால் ஜாஸ்தி, குறை" என்று யாராவது மருந்து கொடுத்திருந்தால் அது கொலை.

*

நல்கொண்டா ஹைதராபாத்துக்குக் கிழக்கே, பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கே கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். தென்னிந்தியாவில் இந்த ஃப்ளோரைடு நோயை முதலில் விரிவாக எழுதியவர்கள் சென்னை கிண்டி கிங் நிறுவனத்தின் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி. ஆண்டு 1937, இடம் அன்றைய மதராஸ் மாகாணத்து நெல்லூர் மாவட்டம். அவர்கள் பார்த்தது பெரும்பாலும் முதுகெலும்பு இறுகிப்போன பெரியவர்களை.

நல்கொண்டாவில் என்.ஐ.என். ஆய்வாளர்கள் கண்டது வேறு. வளரும் வயதுப் பிள்ளைகளின் முழங்கால்கள் உட்பக்கம் வளைந்து ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. கே.ஏ.வி.ஆர். கிருஷ்ணமாச்சாரியும் கமலா கிருஷ்ணசுவாமியும் 1973இல் இதை லான்செட்டில் எழுதினார்கள். புதிர் என்னவென்றால், ஃப்ளோரைடு எலும்பை அடர்த்தியாக்கும் பொருள். இந்தப் பிள்ளைகளின் கால் எலும்போ இளகிப் போயிருந்தது. பிறகு சிவகுமாரும் கிருஷ்ணமாச்சாரியும் ரத்தத்தில் பாராதைராய்டு ஹார்மோனை அளந்தார்கள். கூடியிருந்தது.

பாராதைராய்டுகள் நான்கு, தைராய்டின் முதுகில் ஒட்டிக்கொண்டிருப்பவை, ஒவ்வொன்றும் 40 மில்லிகிராம் தேறினால் அதிகம். அவற்றின் ஒரே கவலை ரத்தத்தின் கால்சியம். ஒரு டெசிலிட்டருக்கு 9, 10 மில்லிகிராம் என்ற அளவு கொஞ்சம் சரிந்தால்கூட இதயத் துடிப்பும் நரம்பும் தடுமாறும். ஆகவே கால்சியம் இறங்கியதும் இவை ஹார்மோனை விடும். சிறுநீரகம் கால்சியத்தைச் சிறுநீரில் விடாமல் பிடித்துக்கொள்ளும். வைட்டமின் டி-யை வீரியமான வடிவத்துக்கு மாற்றும். குடல் அதிகமாக உறிஞ்சும். இத்தனைக்கும் போதவில்லை என்றால் எலும்பு கரைக்கப்படும்.

ஃப்ளோரைடு எலும்பில் புதிது புதிதாகக் கனிமத்தைப் படியவைக்கும்போது ரத்தத்திலிருந்து கால்சியம் அங்கே இழுக்கப்படுகிறது. பாலும் கீரையும் கிடைக்கும் வீட்டுப் பிள்ளை ஈடுகட்டிவிடும். சோளக் களியும் மிளகாய்த் தொக்குமாக வளரும் பிள்ளையிடம் ஈடுகட்டக் கையிருப்பு எலும்பு மட்டும்தான். ஒரு பக்கம் ஃப்ளோரைடு கட்ட, இன்னொரு பக்கம் பாராதைராய்டு ஹார்மோன் இடிக்க, வளர்ச்சி வேகம் உச்சத்தில் இருக்கும் காலில் எடை இறங்க, முழங்கால் வளைகிறது. இங்கேயும் சுரப்பி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. கோளாறு கிணற்றிலும் தட்டிலும் இருந்தது.

*

இனி மூன்றாவது கேள்வி: சொல்லும் குரல் ஓங்கியிருந்தும் வாங்குவோர் இல்லாத நிலை.

1996இல் என்.ஐ.என். எலிக்கூடத்தில், குன்னூர் வழிவந்த அந்த விஸ்டார் கூட்டத்தில், ஒரு எலி மற்றவற்றை விட அசாதாரணமாகப் பெருத்துக்கொண்டு போனது. பணியில் இருந்தவர்கள் அதை ஒதுக்கிவிடாமல் தனியாக இனப்பெருக்கம் செய்துபார்த்தார்கள். என்.வி. கிரிதரன் தலைமையில் அதிலிருந்து இரண்டு பருமன் எலி வம்சங்கள் உருவாயின. இரண்டாவது வம்சத்துக்குப் பருமனோடு சர்க்கரையைக் கையாளும் திறனும் குறைவு. சாதாரண ஆண் எலி அரைக் கிலோவுக்குள் நிற்கும். இவற்றில் ஒரு கிலோவைத் தாண்டியவை உண்டு. ஓயாமல் தின்னும். குட்டி போடாது. ஆயுளும் குறைவு. தேசத்தின் ஊட்டச்சத்துக் குறைவை ஆராயப் பிறந்த ஆய்வகத்தில், பெருந்தீனி எலி பிறந்தது விதியின் குறும்பு.

இந்த எலிகளின் ரத்தத்தில் லெப்டின் மிக அதிகம். இன்சுலினும் அதிகம். லெப்டின் என்ன என்று தெரிய, சற்று அமெரிக்கா போய்வர வேண்டும்.

1949இல் ஜாக்சன் ஆய்வகத்தில் தானாகத் தோன்றிய ஒரு குண்டுச் சுண்டெலி வம்சம் இருந்தது. அதற்கு 'ஓபி' என்று பெயர். 1960களில் சர்க்கரை நோயும் சேர்ந்த இன்னொரு குண்டு வம்சம் கிடைத்தது, அது 'டிபி'. இரண்டும் பார்க்க ஒன்றுபோல. டக்ளஸ் கோல்மன் இரண்டு எலிகளைப் பக்கவாட்டில் தைத்து ரத்த ஓட்டத்தை இணைக்கும் சோதனையைச் செய்தார். ஓபியைச் சாதாரண எலியோடு இணைத்தார். ஓபி குறைவாகத் தின்று இளைத்தது. டிபியைச் சாதாரண எலியோடு இணைத்தார். டிபிக்கு ஒன்றும் ஆகவில்லை, பாவம் அந்தச் சாதாரண எலி சாப்பாட்டை மறந்து செத்தது. கோல்மன் கண்ட முடிவு தெளிவானது. 'போதும்' என்று சொல்லும் ஏதோ ஒரு பொருள் ரத்தத்தில் ஓடுகிறது. ஓபியிடம் அந்தப் பொருள் இல்லை. டிபியிடம் அது வழிந்து ஓடுகிறது, ஆனால் அதன் மூளைக்கு எட்டவில்லை. அந்தப் பொருளின் மரபணுவை 1994இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு பிரித்தெடுத்தது. கொழுப்புச் செல்லே அதைச் சுரக்கிறது. தொப்பையை வெறும் சேமிப்புக் கிடங்கு என்று நினைத்திருந்தவர்கள் அன்றோடு அதையும் நாளமில்லாச் சுரப்பிகளின் பட்டியலில் சேர்த்தார்கள்.

தார்நாகா எலிகள் டிபியின் பக்கம் நிற்பவை. கொழுப்பு கூடக் கூட லெப்டின் கூடுகிறது. ஹைப்போதலாமஸ் அதைக் கண்டுகொள்வதில்லை. மூளைக்கு அந்த எலி எப்போதும் பட்டினி எலிதான். குட்டி போடாததற்கும் இதில் விளக்கம் இருக்கிறது. கையிருப்பு இல்லாத உடம்பு கர்ப்பத்துக்குத் துணியக் கூடாது என்பதால், லெப்டின் எட்டாத மூளை இனப்பெருக்க ஹார்மோன்களின் தொடரையும் நிறுத்திவைக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்குத் தீனிப்பண்டாரம், உள்ளே பஞ்சம்.

மனிதர்களில் ஓபி எலியைப் போல லெப்டினே இல்லாதவர்கள் மிகமிகக் குறைவு. 1997இல் பிரிட்டனில் பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பம் ஒன்றில் அப்படி இரண்டு குழந்தைகள் கண்டறியப்பட்டார்கள். அவர்களில் ஒன்பது வயதிலேயே 90 கிலோவைத் தாண்டியிருந்த சிறுமிக்கு லெப்டின் ஊசி போட, பசி அடங்கி எடை இறங்கியது. உலகமே துள்ளியது; குண்டாக இருப்பவர்களுக்கெல்லாம் மருந்து வந்துவிட்டது என்று பேசினார்கள். பரிசோதித்தால், பருமனானவர்களில் பெரும்பாலோரிடம் லெப்டின் ஏற்கெனவே கூடுதலாகத்தான் இருந்தது. மேலும் ஊற்றிப் பெரிய பலன் இல்லை. டைப் 2 சர்க்கரை நோயின் தொடக்கத்தில் இன்சுலின் நடந்துகொள்வதும் இப்படித்தான். தசையும் கல்லீரலும் இன்சுலினைப் பொருட்படுத்தாமல் போக, கணையம் இன்னும் இன்னும் சுரக்கிறது. சர்க்கரை அளவு சரியாகவே தெரியும் பல வருடங்கள், உள்ளே இன்சுலின் இரண்டு மூன்று மடங்காக உழைத்துக்கொண்டிருக்கலாம். வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு இதற்கு முக்கியக் காரணம். நடையும் தசை உழைப்பும் செல்லை மறுபடி இன்சுலினுக்கு இணங்க வைக்கின்றன. சொல்லும் குரலை ஓங்கச் செய்வதை விட, வாங்கும் செல்லைச் சரிசெய்வது இங்கே பலிக்கிறது.

லெப்டின் ஊசி வீணாகப் போகவில்லை. 2014இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு அனுமதி கொடுத்தது. யாருக்கு என்றால், உடம்பில் கொழுப்பே சேராத அபூர்வ நோய் உள்ளவர்களுக்கு. கொழுப்புச் செல் இல்லாததால் அவர்களிடம் போதிய லெப்டின் இல்லை. சாதாரண உடல் பருமனுக்கு அதற்கு அனுமதி கிடையாது.